கிராம் நெகடிவ் கிருமிகளும் நமது கடைகளும்



'கிராம்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தராசுதான் நினைவுக்கு வரும். நூறு கிராம் மிளகு, ஐம்பது கிராம் சீரகம் என்று காலை முதல் இரவு வரை அந்தச் சொல்லோடுதான் நம் பிழைப்பு. ஆனால் ஆய்வுக்கூடச் சீட்டில் 'கிராம் நெகடிவ்' என்று எழுதியிருந்தால் அது எடையைக் குறிப்பதல்ல. அங்கே கிராம் என்பது ஒரு டாக்டரின் பெயர். 'நெகடிவ்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "நோய் ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. கிருமி இருக்கிறது, அது இன்ன இனத்தைச் சேர்ந்தது என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

வாந்திபேதி, டைபாய்டு, ரத்தபேதி, எலிக்காய்ச்சல், பிளேக் ஆகிய எல்லா நோய்களும் இந்த இனத்துக் கிருமிகளால் வருபவை. இவை பரவும் வழிகளைப் பாருங்கள்: தண்ணீர், உணவுப் பொருள், எலி, கழுவாத கை. இந்த நான்கும் இல்லாத மளிகைக் கடையோ குடோனோ அம்பத்தூரிலும் இல்லை, ஆவடியிலும் இல்லை, பூந்தமல்லியிலும் இல்லை. ஆகவே இந்தக் கிருமிகளை எப்படி அடையாளம் காண்கிறார்கள், அவை என்ன நோய்களைத் தருகின்றன, அதில் நமது பொறுப்பு எவ்வளவு என்று நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

சாயம் சொல்லும் முதல் செய்தி

டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டாக்டர், 1884-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பணியாற்றியபோது ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்தார். நூற்றுநாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் முதலில் செய்யும் சோதனைகளில் ஒன்று அதுதான்.

செய்முறை எளிது. சளி, சீழ், சிறுநீர் போன்ற மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிக் காயவைக்கிறார்கள். அதன்மேல் ஊதாச் சாயம் ஊற்றுகிறார்கள். குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தின் இனத்தைச் சேர்ந்த சாயம்தான் அது. அடுத்து அயோடின் கரைசல். பிறகு ஆல்கஹாலால் கழுவுகிறார்கள். கடைசியாகச் சிவப்புச் சாயம். இப்போது நுண்ணோக்கியில் பார்த்தால் சில கிருமிகள் ஊதாவாகவும் சில இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஊதாவாக நிற்பவை கிராம் பாசிடிவ். ஊதாவை இழந்து சிவப்பை ஏற்றுக்கொண்டவை கிராம் நெகடிவ்.

காரணம் கிருமியின் சுவரில் இருக்கிறது. பாசிடிவ் கிருமியின் சுவர் தடிமனான சாக்கு மாதிரி. ஏறிய சாயத்தை விடாது. நெகடிவ் கிருமியின் சுவர் மெல்லியது. ஆனால் அதற்கு வெளியே கொழுப்புச் சேர்ந்த மேலுறை ஒன்று உண்டு. ஆல்கஹால் அந்த மேலுறையைக் கரைத்துவிடுவதால் ஊதாச் சாயம் வெளியேறிவிடுகிறது.

இந்த மேலுறை வெறும் நிறத்தோடு முடிகிற விஷயமல்ல. பென்சிலின் போன்ற பழைய மருந்துகள் பல இந்த இனத்தில் எளிதில் வேலை செய்யாததற்கு இது ஒரு காரணம். கிருமி செத்துச் சிதையும்போது இதே மேலுறை ரத்தத்தில் கலந்து நச்சாகிறது. கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்து எல்லாம் அதனால் வரலாம்.

அடுத்தடுத்த சல்லடைகள்

நிறம் தெரிந்துவிட்டால் கிருமியின் பெயர் தெரிந்துவிடாது. நாம் பருப்பைச் சலிக்கும்போது முதல் சல்லடையில் கல், அடுத்ததில் குருணை, அடுத்ததில் தூசு என்று பிரிப்பது போலத்தான் ஆய்வுக்கூடத்திலும் படிப்படியாகப் பிரிக்கிறார்கள்.

இரண்டாவது சல்லடை உருவம். பெரும்பாலான கிராம் நெகடிவ் கிருமிகள் குச்சி வடிவம். காலராக் கிருமி காற்புள்ளி போல் வளைந்திருக்கும்.

மூன்றாவது, வளர்ப்புக் கூழ். பித்த உப்பும் பாற்சர்க்கரையும் சேர்த்த ஒரு கூழ் உண்டு. அதை உருவாக்கிய மக்கான்கி என்பவரின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். பித்த உப்பு இருப்பதால் பாசிடிவ் கிருமிகள் பெரும்பாலும் அதில் வளராது. ஈ.கோலை கிருமி பாற்சர்க்கரையைத் தின்று புளிக்கவைக்கும். கூழில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். டைபாய்டு இனமான சால்மொனெல்லாவும், ரத்தபேதி இனமான ஷிகெல்லாவும் அந்தச் சர்க்கரையைத் தொடாது. அவற்றின் புள்ளிகள் நிறமில்லாமல் வெளுத்திருக்கும். காலராவுக்கு வேறொரு கூழ். அதில் மஞ்சள் புள்ளிகளாக வளரும்.

நான்காவது, நிணநீர்ச் சோதனை. ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு எதிராகத் தயாரித்த நிணநீரில் ஒரு சொட்டு எடுத்துக் கிருமியோடு கலந்தால், ஜோடி பொருந்தினால் பால் திரிவது போலத் திரிதிரியாகத் திரளும். பொருந்தாவிட்டால் கலங்கலாகவே இருக்கும்.

கிருமி கூழில் வளரவே ஒரு நாள் ஆகும். எல்லாச் சல்லடையும் முடிய இரண்டு மூன்று நாட்களோ அதற்கு மேலோ ஆகலாம். "நேற்றுக் கொடுத்த ரத்தத்துக்கு இன்னும் முடிவு வரவில்லையே" என்று ஆய்வுக்கூடத்தாரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

1992-ல் சென்னையில் கண்ட புதுக் கிருமி

இந்தச் சல்லடைகளின் அருமையை உலகத்துக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று நம் ஊரிலேயே நடந்தது.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-ல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். அந்த இனத்தில் பல உட்பிரிவுகள் உண்டு. 1992 வரை 138 உட்பிரிவுகளுக்கு எண் கொடுத்துப் பட்டியல் போட்டிருந்தார்கள். அவற்றில் ஓ 1 என்ற முதல் எண் ஒன்றுதான் ஊரையே படுக்கவைக்கும் காலராவை உண்டாக்கும், மற்றவை சிறு பேதியோடு போய்விடும் என்பதே அதுவரை மருத்துவ உலகம் நம்பியது.

1992 அக்டோபரில் சென்னையில் வாந்திபேதி கண்டவர்களிடமிருந்து எடுத்த கிருமி எல்லா வகையிலும் காலராக் கிருமி போலவே இருந்தது. அதே சிவப்பு நிறம், அதே வளைந்த உருவம், அதே மஞ்சள் புள்ளி. ஆனால் ஓ 1 நிணநீரைச் சேர்த்தால் திரளவில்லை. வேலூரிலும் மதுரையிலும் இதே கிருமி தென்பட்டது. சில வாரங்களில் கல்கத்தாவிலும், பிறகு வங்கதேசத்திலும் பரவியது. ஜப்பானில் 138 நிணநீர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒன்றோடும் பொருந்தவில்லை. விலைப் பட்டியலில் இல்லாத புதுச் சரக்கு! அதற்கு ஓ 139 என்று எண் கொடுத்து, வங்கக் கடலோர ஊர்களில் தோன்றியதால் 'பெங்கால்' என்றும் பெயரிட்டார்கள்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. வழக்கமாகக் காலரா உள்ள ஊர்களில் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுவார்கள். பெரியவர்களுக்கு முன்பே பட்டு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். இந்தப் புதுக் கிருமிக்கு யாரிடமும் எதிர்ப்பு இல்லாததால் பெரியவர்களே பெருமளவில் விழுந்தார்கள். பழைய தடுப்பு மருந்தும் இதற்கு உதவாது. 2009-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற வாய்வழித் தடுப்பு மருந்தில் ஓ 1, ஓ 139 இரண்டையும் சேர்த்தார்கள்.

சில ஆண்டுகளில் ஓ 139 தணிந்து, பழைய ஓ 1 மறுபடியும் முன்னுக்கு வந்துவிட்டது. காலரா ஒழிந்துவிடவில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் அது பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடவேண்டி வந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்தால் எந்த ஊரும் காரைக்கால் ஆகலாம்.

எந்தக் கிருமி, என்ன நோய்

காலரா: அரிசி கழுவிய நீர் போன்ற பேதி. சில மணி நேரத்தில் உடம்பின் நீரெல்லாம் இறங்கிவிடும். கிருமி உமிழும் நச்சுதான் குடலிலிருந்து நீரை இறைக்கிறது என்பதை 1959-ல் நிரூபித்தவர் கல்கத்தா விஞ்ஞானி சம்பு நாத் டே. இழந்த நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடுகட்டினால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள்.

டைபாய்டு: சால்மொனெல்லா டைபி. கிருமி புகுந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் படிப்படியாக ஏறும் காய்ச்சல், தலைவலி, வயிற்று வலி. இதை உறுதிசெய்ய ரத்தத்தைக் கூழில் வளர்த்துப் பார்ப்பதே நல்ல வழி. 1896-ல் வந்த விடால் சோதனையை ஒரே ஒரு முறை செய்து முடிவு கட்டுவது சரியல்ல. முன்பு எப்போதோ வந்த நோய்க்கும் அது 'ஆம்' என்று சொல்லிவிடும். நோய் தீர்ந்த பிறகும் சிலரின் பித்தப்பையில் கிருமி குடியிருக்கும். அவர் நலமாக இருப்பார். அவர் கை பட்ட உணவைச் சாப்பிட்டவர் படுப்பார். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் என்ற பெண் இப்படிப்பட்டவர் என்று 1907-ல் கண்டுபிடித்தார்கள்.

மற்ற சால்மொனெல்லாக்கள்: கோழி, முட்டை, மசாலா, பல்லி, எலி வழியாக வருபவை. பேதி, வாந்தி, காய்ச்சல்.

ஷிகெல்லா: ரத்தமும் சீதமும் கலந்த பேதி. மிகக் குறைந்த எண்ணிக்கையில், நூறுக்கும் குறைவான கிருமிகள் போனாலே நோய் வந்துவிடும். கை கழுவாத ஓர் ஆள் போதும்.

ஈ.கோலை: நம் குடலில் சாதாரணமாகவே வாழ்கிறது; அதில் சில வகைகள் பேதியும், இடம் மாறினால் சிறுநீர்த் தொற்றும் தரும். தண்ணீரில் ஈ.கோலை இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் 100 மில்லி குடிநீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று தரம் வகுத்திருக்கிறார்கள்.

கிளெப்சியெல்லா, சூடோமோனஸ்: ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கும், தீக்காயம் பட்டவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் நுரையீரலிலும் புண்ணிலும் தொற்றுபவை.

உணவினால் வரும் எல்லாக் கோளாறும் இந்த இனம் அல்ல. ஆறிப்போன சோற்றில் வரும் நச்சுக் கிருமி, கைப்புண்ணிலிருந்து பாலில் விழும் கிருமி போன்றவை கிராம் பாசிடிவ். ஆகவே 'ஃபுட் பாய்சன்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட முடியாது.

காய்ந்த சரக்கிலும் கிருமி உண்டு

"நம்மிடம் இருப்பது உலர்ந்த சரக்கு, கறிக்கடைக்குத்தான் இந்தக் கவலை" என்று மளிகைக்காரர்கள் நினைப்பதுண்டு. இந்த நினைப்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஈரமில்லாத சரக்கில் சால்மொனெல்லா பெருகாதே தவிர, சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். காய்ந்த நிலையில் அது வெப்பத்தையும் அதிகம் தாங்கும். ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும்.

1981, 82-ல் நார்வே நாட்டில் 126 பேருக்குச் சால்மொனெல்லா நோய் வந்தது. காரணம் இறக்குமதி செய்த மிளகு. 1993-ல் ஜெர்மனியில் ஏறக்குறைய ஆயிரம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், பாதிக்கப்பட்டார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் தூவிய மிளகாய் வகைத் தூள் காரணம். 2007 முதல் 2009 வரை அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்த மசாலாச் சரக்கைச் சோதித்ததில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு சரக்கில் சால்மொனெல்லா இருந்தது. மற்ற உணவுப் பொருள்களைப் போல் இது இரு மடங்கு.

நம் பக்கத்து மாநிலத்தில் 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நோயாளிகளிடம் ஷிகெல்லா உறுதியானது. உணவு மாதிரிகளைச் சோதித்தபோது கோழி இறைச்சியில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன. அந்தக் கடையின் மிளகுத் தூளிலும் சால்மொனெல்லா இருந்தது. அந்த மிளகுத் தூளும் யாரோ ஒரு வியாபாரியின் கல்லாவைக் கடந்து வந்ததுதானே?

மிளகு, தனியா, மிளகாய் எல்லாம் களத்தில் காய்பவை. காக்கை, கோழி, எலி, நாய் எல்லாம் அங்கே நடமாடும். பிறகு நம் குடோனில் எலி. கடைச் சுவரில் பல்லி. பல்லி விழுந்த உணவு விஷம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கும் என்பது சோதனையில் கண்ட உண்மை. திறந்து கிடக்கும் மூட்டையில் அது விழுந்தால் நமக்குத் தெரியவும் தெரியாது.

கொதிக்கும் ரசத்தில் போடும் மிளகால் ஆபத்தில்லை. கொதியில் கிருமி செத்துவிடும். ஆம்லெட், சுண்டல், பழத்துண்டு, மோர் ஆகியவற்றின்மேல் கடைசியில் தூவும் தூளில்தான் ஆபத்து. இந்திய உணவுத் தர விதிப்படி 25 கிராம் மசாலாவில் சால்மொனெல்லா அறவே இருக்கக்கூடாது. இங்கே 'கிராம்' நம் தராசுக் கிராம்தான்!

முட்டைக்கும் இதே கதை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசில் இந்தக் கிருமிகளின் ஆபத்து இருப்பதால், 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு தடை விதித்தது.

எலியும் குடோனும்

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமியும் சுவர் அமைப்பில் கிராம் நெகடிவ் இனம்தான். ஆனால் அது இழையைவிட மெல்லியது. கிராம் சாயத்தில் பார்த்தால் தெரியாது. வேறு ரத்தச் சோதனைகளால்தான் கண்டுபிடிக்க வேண்டும். எலியின் சிறுநீரில் வெளிவந்து, ஈரத் தரையிலும் தேங்கிய நீரிலும் உயிரோடிருக்கும். வெறுங்காலோடு மூட்டை இறக்குகிறவரின் கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் கடும் வலி, கண் சிவப்பு, முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு.

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் நம் பகுதிக் கடைகளில் தண்ணீரைக் கொண்டுவந்தன. தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த மூட்டையைப் புரட்டுவதுதான் நம் ஆட்களின் முதல் வேலை. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் அந்த வேலைக்கு யாரையும் அனுப்பாதீர்கள். அதன் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், வெள்ள நீரில் நின்றதை டாக்டரிடம் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள்.

எலியினால் வியாபாரமே எப்படிக் கவிழும் என்பதற்கு 1994 செப்டம்பர் சூரத் பிளேக் ஒன்றே போதும். பிளேக் கிருமியும் கிராம் நெகடிவ் குச்சிதான். இன்ன கிருமி என்று ஐயமறச் சொல்வதற்கே தாமதமாயிற்று. அதற்குள் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். வெளிநாட்டு விமானங்கள் நின்றன. சில நாடுகள் நம் உணவுப் பொருள்களை வாங்க மறுத்தன. சூரத்துக்கு வந்த நோய், இந்திய வணிகர்கள் அனைவருக்கும் நட்டமாயிற்று. பிறகு குப்பை அள்ளுவதையும் உணவுக்கடைகளையும் கண்டிப்பாக ஒழுங்குபடுத்தியதால் அதே சூரத் நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்றானது.

மருந்துக்கு அடங்காத கிருமிகள்

இந்த இனம் மருந்துக்குப் பழகிக்கொள்வதில் கெட்டிக்காரத்தனம் உடையது. டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாயிருந்த குளோரம்பெனிகாலை எதிர்த்து நிற்கும் கிருமி 1972-லேயே கோழிக்கோட்டில் தோன்றிவிட்டது. 2010-ல் வெளியான ஆராய்ச்சியில், கடைசிக் கட்ட மருந்தையும் முறிக்கும் என்.டி.எம். 1 என்ற நொதியம் கொண்ட கிராம் நெகடிவ் கிருமிகள் சென்னை மாதிரிகளில் மட்டும் 44 கண்டுபிடிக்கப்பட்டன.

தேவையில்லாமலும் பாதியிலும் மருந்து சாப்பிடுவதே இதற்குப் பெரிய காரணம். ஆகவே தலைவலி மாத்திரையோடு ஆன்டிபயாடிக் மாத்திரையையும் பெட்டிக்கடையில், மளிகைக் கடையில் எடுத்துக் கொடுப்பது உதவியல்ல. அது சட்டவிரோதம், ஊருக்கும் கேடு.

நாம் செய்ய வேண்டியவை

1. தண்ணீர்: மாவு அரைப்பவர்கள், ஜூஸ், மோர் விற்பவர்கள் தொட்டி நீரில் குளோரின் கலக்க வேண்டும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. புதியதை மூடிவைத்துப் பயன்படுத்துங்கள். குடிக்கும் நீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும்.

2. ஐஸ்: மீனுக்குப் போடும் பாளம் வேறு, பானத்தில் போடுவது வேறு. ஐஸில் வைத்தால் கிருமி சாகாது; உருகியதும் வேலையைத் தொடரும்.

3. மூட்டை: தரையில் நேராக அடுக்காமல் பலகைமேல், சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். மசாலாவை மூடிய டப்பாவில் வையுங்கள். நனைந்த மசாலாவைக் காயவைத்து விற்காதீர்கள்.

4. பழைய இருப்பின்மேல் புதுச் சரக்கைக் கொட்டாதீர்கள். டப்பா காலியான பிறகு துடைத்து, உலர்த்தி, அடுத்த மூட்டையைப் பிரியுங்கள்.

5. முட்டை: விரிசல் விட்டதைத் தனியே ஒதுக்குங்கள். முட்டை தொட்ட கையோடு ரொட்டியோ பன்னோ எடுத்துக் கொடுக்கக்கூடாது.

6. ஆட்கள்: உணவைக் கையாளும் ஊழியருக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு வகைத் தடுப்பூசியும் வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கடையில் கழிப்பறையும் சோப்பும் இல்லாமல் "கை கழுவு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பேதி கண்ட பையனுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். சம்பளம் பிடிப்போம் என்று தெரிந்தால் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவான்.

7. ஓ.ஆர்.எஸ்.: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம் எடையுள்ள, உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படியான பொட்டலமே சரியானது. அந்தச் சூத்திரத்தில் இல்லாத இனிப்புப் பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய பெயரில் உள்ளதை அலமாரியில் வைக்காதீர்கள்; பேதி கண்ட குழந்தைக்கு அது தீங்கு செய்யும். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சமமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம்.

பில்தான் நமக்குச் சாட்சி

கடைசியாக, முக்கியமான ஒன்று. புழு, பூஞ்சை, சிக்கு வாடை, ஈரம் ஆகியவற்றை நாம் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடித்துவிடுவோம். சால்மொனெல்லா இருக்கும் மிளகுக்கும் இல்லாத மிளகுக்கும் நிறத்திலோ மணத்திலோ காரத்திலோ வித்தியாசம் கிடையாது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் முடியாது. கிருமிக்குப் பெயர் சொல்வது கிண்டி கிங் நிலையம் போன்ற ஆய்வுக்கூடங்களின் வேலை. 1899 முதல் இயங்கும் நிலையம் அது. அந்தக் கிருமி எந்த மூட்டையில் வந்தது என்று சொல்வது நமது வேலை. அதை வேறு யாராலும் செய்ய முடியாது.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரையும் போகலாம். பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அதே சட்டம், முறையான கவனத்தோடு நடந்துகொண்டவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. ஆனால் வாய்ப்பேச்சு அங்கே செல்லாது. கொள்முதல் பில் வேண்டும். அதில் விற்றவரின் 14 இலக்க உரிம எண் வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லில் அந்த எண் கட்டாயம். லாட் எண்ணும் வந்த தேதியும் குறித்து வைத்திருக்க வேண்டும்.

பில் இல்லாமல் இரண்டு ரூபாய் மலிவாகக் கிடைத்த மிளகுத் தூளில் குறை கண்டால், விற்றவரைத் தேடி எங்கே போவது? கண்ணி அறுந்துபோகும். பழி கடைசியாகத் தராசு பிடித்தவர் தலையில் விழும். அதைவிடப் பெரிய கேடு, அதே லாட்டில் மீதியிருக்கும் மூட்டைகள் எந்தெந்தக் கடையில் இருக்கின்றன என்று தெரியாமல், அவை விற்றுக்கொண்டே இருக்கும். மொத்த வியாபாரிகளான நாங்களும் எந்த லாட் எந்தக் கடைக்குப் போனது என்று எழுதிவைத்தால், ஒரு தொலைபேசியில் எல்லா மூட்டையையும் திரும்ப வாங்கிவிடலாம். இது எங்கள் கடமை. கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

நம்மிடம் கணக்கு வைத்து வாங்கும் குடும்பங்களின் குழந்தைகள்தான் நம் சரக்கைச் சாப்பிடுகின்றன. உங்கள் கடையில் இந்த வாரமே ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, சரக்கு, யாரிடம் வாங்கியது, பில் எண், லாட் எண். ஐந்தே பத்தி போதும்.